முறை மாதம்

ஏழாம் கட்டடத்தில் சாமி படங்களைச் சுவரிலிருந்து கழற்றிக் கட்டிலில் படுக்கவைத்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடித் தம்ளர்கள் பழைய புடவைகளுக்குள் போயின; எவர்சில்வர் வெளியே வந்தது. டிவியை இறக்கித் தரையோடு சாய்த்தார்கள். முறை மாதம் பிறக்கப்போகிறது. பாதிப் பேர் பாயும் அரிசியும் எடுத்துக்கொண்டு மற்றக் கட்டடங்களிலிருக்கும் உறவினர் வீடுகளுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

தனஞ்செயன் வீட்டில் இந்த வருடம் யாரும் கிளம்பவில்லை.

முப்பத்தோராம் மாடி. உள்ளறையில் அவருடைய மகள் இலக்கியா, கால்பக்கம் செங்கல் வைத்து உயர்த்திய கட்டிலில் படுத்திருந்தாள். ஏழாம் மாதம். மதுரையில் வளைகாப்பு முடித்து, தலைப்பிரசவத்துக்காக போர்ட் பிளேயருக்கு, அம்மா வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்கள். முறை மாதம் வருவதற்குள் மூன்றாம் கட்டடத்திலிருக்கும் மாமா வீட்டுக்குப் போய்விடலாம் என்பது ஏற்பாடு. ஆனால் வந்த வாரத்திலேயே ரத்தம் பட்டது. டாக்டர் ஜெபக்கனி வந்து பார்த்துத் தையல் போட்டார். கர்ப்பப்பை வாய் தளர்ந்திருக்கிறது, கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்றார்.

"ஸ்ட்ரெச்சர்ல வெச்சு மெதுவா மாமா வீட்டுக்கு..." என்று இழுத்தாள் பிரமிளா, தனஞ்செயனின் மனைவி.

"இந்த மேட்டு ரோட்டுலயா? அந்தக் குலுக்கலே போதும்மா, குழந்தை வெளிய வந்துடும்" என்றார் டாக்டர்.

மதுரையிலிருந்து சம்பந்தியம்மா லீலாவதி தினமும் போன் செய்தார். அன்று தனஞ்செயன்தான் எடுத்தார்.

"பூகம்பத்துக்கு முறையா? என்ன சம்பந்தி, தண்ணி லாரியா அது, தெருவுக்கு ஒரு நாள்னு வர்றதுக்கு?"

"பதினோரு டவரும் ஒரே மேட்டுல இருக்கு சம்பந்தி. அடித்தளத்தையெல்லாம் பூமிக்குள்ள எண்ணெய்க் குழாய் போட்டு இணைச்சிருக்கோம். தரை ஆடும்போது அந்த ஆட்டத்தைக் குழாய் வழியாத் தள்ளி, ஏதாவது ஒரு டவருக்கு அனுப்பிடலாம். மத்த பத்தும் அசையாது."

"அந்த ஒண்ணு?"

"ஆடும். எல்லாரோட ஆட்டத்தையும் சேர்த்து ஆடும். ஆனா விழாது. அதுக்குத் தகுந்த மாதிரிதான் கட்டியிருக்கு."

"பகிர்ந்துக்கிட்டா என்னவாம்?"

"முதல்ல அப்படித்தான் இருந்துச்சு. ஆளுக்குக் கொஞ்சம். ஆனா சின்ன அசைவுக்குக்கூடப் பதினோரு டவர்லயும் லிஃப்ட் நின்னுச்சு, டைல்ஸ் விரிஞ்சுச்சு, ஒருத்தரும் தூங்கல. எல்லா டவர் சங்கமும் கூடிப் பேசித்தான் முறை வெச்சாங்க. வருஷத்துல ஒரு மாசம் நம்ம தலையில. மிச்ச நாள் நிம்மதி."

"அந்த ஒரு மாசம் பார்த்து எங்க மருமக அங்க படுத்திருக்கா" என்றார் லீலாவதி. "அம்மா வீட்டுலதான் தலைப்பிரசவம்னு அனுப்பி வெச்சோம். வீடு ஆடும்னு யாரும் சொல்லல."

சொல்லிவிட்டு அவரே போனை வைத்துவிட்டார்.

குழாய்களைத் திறந்து மூடுகிற முறை அலுவலகத்தில் தனஞ்செயன்தான் தலைமைப் பொறியாளர். இருபது வருடங்களாக, மாதம் பிறக்கும்போது எந்தக் கட்டடத்துக்கு ஆட்டம் போக வேண்டும் என்று மாற்றிவைப்பது அவருடைய கை.

மாதம் பிறந்து நான்காம் நாள், சாப்பாட்டு வேளையில் அது வந்தது. கடலுக்கடியில் எங்கோ ஒரு சின்ன அசைவு. சாதாரண ஊரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரிந்தும் தெரியாமலும் போயிருக்கும். ஏழாம் கட்டடம் அதைப் பதினொரு பங்காக வாங்கிக்கொண்டது. கதவுகள் தானாகத் திறந்து மூடின. குழம்புச் சட்டி மேடையில் நகர்ந்தது. சுவருக்குள்ளிருந்து, பாரம் ஏற்றிய படகைக் கரையில் இழுப்பது போல ஒரு சத்தம் வந்துகொண்டேயிருந்தது. பிரமிளா ஓடிப்போய் மகளின் கால்களைக் கட்டிக்கொண்டு கட்டிலில் விழுந்தாள். இலக்கியா அழவில்லை. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தாள்.

சாயங்காலம் டாக்டர் தனஞ்செயனை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"தையல் தாங்கியிருக்கு. அடுத்த தடவை தாங்கும்னு என்னால சொல்ல முடியாது சார். இப்போ பிறந்தா ஒரு கிலோ தேறாது. அதைப் பிழைக்க வைக்கிற வசதி இந்தத் தீவுல கிடையாது."

"இந்த மாசம் முழுக்க அசைவு இல்லாம இருக்கணும்."

"உங்க கையிலதானே சார் இருக்கு அது" என்றார் டாக்டர். குத்தலாகச் சொன்னாரா, சாதாரணமாகச் சொன்னாரா என்று தெரியவில்லை.

முறையை மாற்றிக்கொள்ள விதி இருந்தது. இன்னொரு கட்டடத்தின் பொதுக்குழு சம்மதித்தால் போதும். தனஞ்செயன் ஒவ்வொரு சங்கமாகப் போனார். இரண்டாம் கட்டடத்தில் கல்யாணம் இருந்தது. ஐந்தாம் கட்டடம் போன வருடமே யாருக்கோ விட்டுக்கொடுத்துவிட்டதாம். ஒன்பதாம் கட்டடத்துக்காரர்கள், ஏழாம் கட்டடத்து உறவினர்களே தங்கள் வீடுகளில் நிரம்பி வழிவதைச் சுட்டிக்காட்டினார்கள். எட்டாம் கட்டடத்தின் செயலாளர் அருள்செல்வம் உட்காரவைத்துக் காபி கொடுத்தார்.

"பிளஸ் டூ பரீட்சை சார். வீட்டுக்கு வீடு பசங்க படிச்சிக்கிட்டிருக்காங்க. நான் கேட்டேன்னா என்னைக் கடிச்சுத் துப்பிடுவாங்க. உங்க பொண்ணு நிலைமை புரியுது. வேணும்னா எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க, ஒரு ரூம் ஒழிச்சுத் தரேன்."

"அவளை நகர்த்தக் கூடாதுங்க. அதான் பிரச்சினையே."

"அடடா" என்றார் அருள்செல்வம். உண்மையாகவே வருத்தப்பட்டார்.

வீட்டில் இலக்கியாவைப் பார்த்துக்கொள்ள சுக்மனி என்ற பெண் வந்துகொண்டிருந்தாள். ராஞ்சிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். பத்து வருடமாகத் தமிழர் வீடுகளில் பிள்ளைப்பேறு பார்த்து, தமிழை ஒருவிதமாகப் பேசக் கற்றிருந்தாள். புருஷன் கம்பி கட்டுகிறவன். அன்று இலக்கியாவின் பாதங்களுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவளிடம் தனஞ்செயன் பேச்சுக்காகக் கேட்டார்.

"நீ எங்க தங்கியிருக்கே?"

"பன்னெண்டுல சார். நாலாவது மாடி. சுவர் இன்னும் வரலை. காத்து நல்லா வருது" என்று சிரித்தாள். "ஏசி பிளாட்."

பன்னிரண்டாம் கட்டடம் மேட்டின் கடைசியில் எழும்பிக்கொண்டிருந்தது. அது வந்துவிட்டால் மாதத்துக்கு ஒன்றென்று கணக்கு நிறைந்துவிடும். தூண்களும் தளங்களும் உச்சிவரை போட்டாகிவிட்டது. சுவர் வைக்கிற வேலை மிச்சம். வேலைக்காரக் குடும்பங்கள் கீழ் மாடிகளில் தார்ப்பாய் கட்டிக் குடியிருந்தன.

மறுநாள் அலுவலகத்தில் ரெஹானாதான் முதலில் அதைச் சொன்னாள். அவருக்குக் கீழே வேலை செய்கிற பொறியாளர், நேராகப் பேசுகிறவள்.

"பன்னிரண்டைக் குழாயோட இணைச்சாச்சே சார். கட்டி முடிக்கிறதுக்கு முன்னாடி சோதனை ஓட்டணும்னு விதியே இருக்கு. இப்பவே ஓட்டினா என்ன?"

"அங்க ஆள் இருக்காங்க ரெஹானா."

"கணக்குல இல்லை. குடியேறச் சான்றிதழ் கொடுக்காத கட்டடத்துல யாரும் குடியிருக்க முடியாது."

"நாலாவது மாடியில துணி காயுது. இந்த ஜன்னல்லேயே தெரியுது."

ரெஹானா திரும்பிப் பார்த்தாள். "தெரியுது சார். எனக்கும் கண்ணு இருக்கு. ஆனா பத்துச் சங்கமும் முடியாதுன்னுட்டாங்க. அங்க சங்கமே இல்லை. முடியாதுன்னு சொல்ல ஆளே இல்லை."

தனஞ்செயன் ஜன்னலருகே போய் நின்றார். ஒரு பெண் தூணுக்குத் தூண் கட்டிய கயிற்றில் சிவப்புப் பாவாடை ஒன்றை உதறிப் போட்டாள். தூணெல்லாம் வலுவானவை. விரிசல் விட அங்கே சுவரே கிடையாது. ஓடித் திரிகிற வயதுக்காரர்கள். இப்படி ஒவ்வொன்றாக அவருக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. எல்லாமே உண்மையாகவும் இருந்தன.

"சோதனைன்னா எவ்வளவு நாள்?" என்று கேட்டார்.

"நீங்க நிறுத்தச் சொல்ற வரைக்கும்."

அவர் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, ஏழின் ஆட்டத்தைப் பன்னிரண்டுக்கு மாற்றிவைத்தார். அது பெரிய வேலையில்லை.

அதற்குப் பிறகு ஏழாம் கட்டடம் அசையவில்லை. சின்னதும் நடுத்தரமுமாக நாலைந்து அதிர்வுகள் வந்ததை அலுவலகக் கருவிகள் காட்டின. வீட்டில் தம்ளர் தண்ணீரில் வளையம்கூட எழவில்லை. உறவினர் வீடுகளில் மூலையில் படுத்துக் கிடந்தவர்கள் விஷயம் கேள்விப்பட்டு ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். சாமி படங்கள் சுவருக்கு ஏறின. இந்த வருடம் ஏழாம் கட்டடத்துக்கு நல்ல ராசி என்று லிஃப்டில் பேசிக்கொண்டார்கள்.

ஒரு நாள் மதியம் இலக்கியா கேட்டாள். "ஏம்பா, நம்ம முறை மாசம்தானே? ஒண்ணுமே தெரியலையே. யார் வாங்கிக்கிட்டாங்க?"

"புது டவர்ல சோதனை நடக்குது. அங்க போயிடுது."

"நல்லவேளை. அங்க யாரும் இல்லைல்ல?"

சுக்மனி அவள் காலடியில் உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "நாங்க இருக்கோமே அக்கா" என்றாள்.

இலக்கியா காலை மெல்ல இழுத்துக்கொண்டாள். பிரமிளா சமையலறையில் குக்கரை இறக்கிவைக்கும் சத்தம் கேட்டது. தனஞ்செயன் செய்தித்தாளின் ஒரே பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சுக்மனி கொஞ்சம் காத்திருந்துவிட்டு, காலை மறுபடி தன் மடிக்கு இழுத்து வைத்துத் தேய்க்கத் தொடங்கினாள்.

இருட்டுவதற்கு முன் இலக்கியா அப்பாவைக் கூப்பிட்டாள். "நம்ம டவர்ல காலி வீடு இருக்குல்ல? வெளிநாடு போனவங்க வீடெல்லாம் பூட்டித்தானே கிடக்கு. சுக்மனி ஆளுங்களை அங்க வெச்சுக்கலாமேப்பா."

"சங்கத்துல கேக்கறேன்."

"கேட்டா ஏன்னு கேப்பாங்க, இல்ல?"

"கேப்பாங்க."

அவள் தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குழந்தை உள்ளே உதைத்திருக்க வேண்டும். கையை அங்கே கொண்டுபோய் வைத்துக்கொண்டாள். மறுநாள் அதைப் பற்றிப் பேசவில்லை. அதற்கடுத்த நாளும் பேசவில்லை.

தனஞ்செயன் ஒருமுறை பன்னிரண்டாம் கட்டடத்துக்குப் போனார். சோதனை நடத்துகிறவர் போய்ப் பார்ப்பதுதான் வழக்கம். மேஸ்திரி குருசாமி இரண்டு மாடி இறங்கி ஓடி வந்தார்.

"ஒண்ணும் கவலைப்படாதீங்க சார், அருமையா நிக்குது. ஒரு தூண்ல ஒரு கீறல் காட்டுங்க பார்ப்போம்."

"ஆளுங்களுக்கு?"

"ஆளுங்களுக்கா?" குருசாமி அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "ஒருத்தன் சாரத்துலேர்ந்து விழுந்துட்டான். இடுப்பு எலும்பு. ஊருக்கு அனுப்பியாச்சு. இனிமே கம்பி வேலை அவனால ஆகாது. மத்தபடி பழகிட்டாங்க சார். கப்பல்ல இருக்கிற மாதிரின்னு சொல்லிச் சிரிக்கிறாங்க."

நாலாம் மாடியில் பெண்கள் அடுப்புகளை மணல் நிரப்பிய தகரத் தொட்டிகளுக்குள் இறக்கி வைத்திருந்தார்கள். விளிம்போரம் இடுப்புயரத்துக்குக் கயிறு கட்டியிருந்தது. தூங்குகிற இடத்தில் கைக்குழந்தைகளின் இடுப்பிலிருந்து ஒரு துணி போய்த் தாயின் மணிக்கட்டில் முடிந்திருந்தது. ஒரு கிழவர் அவரைப் பார்த்துக் கும்பிட்டார். தனஞ்செயனும் கும்பிட்டார். பிறகு தூண்களைத் தட்டிப் பார்த்தார். கீறல் இல்லை.

மாதக் கடைசியில் எட்டாம் கட்டடத்து அருள்செல்வம் இனிப்புப் பெட்டியோடு அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"பொண்ணு நல்லா இருக்காளா சார்? அது போதும். நாங்களும் வேண்டிக்கிட்டோம்." உட்கார்ந்தார். "அடுத்தது எங்க முறை. அந்தப் புது டவர் சோதனை முடிஞ்சிடுச்சா?"

"முடிக்கலாம்னு இருக்கேன்."

"ஏன் சார் அவசரம்? இன்னும் ஒரு மாசம் ஓடட்டுமே. நல்லாத் தாங்குதுன்னுதானே சொல்றாங்க."

"அங்க வேலைக்காரங்க இருக்காங்க அருள்செல்வம்."

"இந்த மாசமும் இருந்தாங்கள்ல சார்" என்றார் அவர். குரலில் மிரட்டல் எதுவும் இல்லை. பெட்டியைத் திறந்து ஒரு மைசூர்பாகை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார்.

அவர் போனபிறகு ரெஹானா, "இல்லைன்னு சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"சொன்னா?"

"உங்களுக்கு மட்டும் ஏன்னு பொதுக்குழுவுல கேப்பாங்க." கொஞ்சம் யோசித்து, "அப்புறம் பசங்க பரீட்சையும் இன்னும் முடியலைல்ல" என்றாள். அவள் தங்கை மகன் எட்டாம் கட்டடத்தில்தான் படித்துக்கொண்டிருந்தான்.

சோதனை தொடர்ந்தது. எட்டாம் கட்டடத்தின் மாதம் போய் ஒன்பதாம் கட்டடத்தின் மாதம் வந்தது. இப்போது யாரும் கேட்டுக்கொண்டுகூட வருவதில்லை. பதினொரு கட்டடங்களிலும் கண்ணாடித் தம்ளர்கள் அலமாரியிலேயே இருந்தன. பாய் சுருட்டி உறவினர் வீட்டுக்குப் போகிற பழக்கம் போனதில் சிலருக்குச் சின்ன வருத்தம்கூட இருந்தது. வருடத்துக்கு ஒரு தடவையாவது எல்லாரும் ஒன்றாக இருந்தோம் என்றார்கள்.

மாதம் நிறைந்து, வலி எடுத்து, இலக்கியாவை ஸ்ட்ரெச்சரில் இறக்கிக் கொண்டுபோனார்கள். பெண் குழந்தை. எடை மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. மதுரையிலிருந்து லீலாவதி விமானத்தில் வந்து இறங்கி, பேத்தியைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"எங்க சம்பந்தி, ஆடும் ஆடும்னீங்க? எங்க ஊர் பஸ் ஸ்டாண்டு இதைவிட ஆடும்."

எல்லாரும் சிரித்தார்கள். தனஞ்செயனும் சிரித்தார்.

குழந்தையைக் குளிப்பாட்ட சுக்மனி காலையில் வந்துவிடுவாள். பால்கனியில் பலகை போட்டு உட்கார்ந்து, காலை நீட்டி, கால்களின் மேல் குழந்தையைக் குப்புறப் போட்டுக்கொள்வாள். அன்று லீலாவதியும் பிரமிளாவும் உள்ளே மருந்து அரைத்துக்கொண்டிருந்தார்கள். இலக்கியா தூங்கிக்கொண்டிருந்தாள். தனஞ்செயன் வெந்நீர் வாளியைக் கொண்டுவந்து வைத்தார்.

"சார், ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"எங்க டவர்ல இப்போ முறைதானே நடக்குது? மேஸ்திரி சோதனைங்கிறார். எங்க ஆளுங்க முறைங்கிறாங்க."

அவர் வாளியின் கைப்பிடியைச் சரிசெய்தார். "முறை மாதிரிதான்."

"நானும் அதான் சொன்னேன். இந்த வீடுங்கள்ல பார்த்திருக்கேன்ல சார், எல்லாருக்கும் ஒரு மாசம் வரும். எங்களுக்கு மட்டும் ஏன் மூணு மாசம்னு எங்க வீட்டுக்காரர் கத்தறார். புதுசா சேர்ந்தவங்க முதல்ல சேர்த்து வாங்கிடணும் போலன்னு சொல்லியிருக்கேன். சரிதானே?"

குழந்தை முனகியது. சுக்மனி உள்ளங்கையில் நீரை ஏந்தி அதன் முதுகில் மெல்ல வழியவிட்டாள். கீழே மேட்டின் கடைசியில் பன்னிரண்டாம் கட்டடத்துக்குச் சுவர் ஏறிக்கொண்டிருந்தது. வீடுகள் எல்லாம் விற்றாகிவிட்டன. அடுத்த வருடம் பூச்சு முடிந்ததும், அவளுடைய ஆட்கள் வேறெங்கோ எழும்பும் ஒரு கட்டடத்தின் கீழ் மாடிக்குத் தார்ப்பாயோடு போய்விடுவார்கள்.

"சரிதான்" என்றார்.

"அப்போ மூணு வருஷத்துக்கு எங்களுக்கு முறை வராது, இல்ல சார்?" அவள் முகம் மலர்ந்திருந்தது. "பெரிய பொண்ணுக்கு அதுக்குள்ள கல்யாணம் வெச்சிடலாம்னு பாக்கறேன். ஆடாத மாசமாப் பார்த்து வைக்கணும்ல."

தனஞ்செயன் பால்கனிக் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

"வராது" என்றார்.

"அது போதும் சார்" என்று சொல்லி, அவள் குழந்தையைத் திருப்பி மல்லாக்கப் போட்டு, கண்ணில் படாமல் கையால் மறைத்துக்கொண்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள்.